நம்பிக்கைகளும் உண்மைகளும்: நின்ற இடத்தில் தடுமாறும் இன்ஜின்

ஓடிக்கொண்டிருக்கும் வரையில் யாதொரு குறையும் காட்டாத இன்ஜின், சிக்னலில் நின்று கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த உடனே நடுங்கத் தொடங்கி, ஆர்.பி.எம். முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடி, சில வேளைகளில் அடியோடு அணைந்தும் போய்விடுவது, கையால் கியர் மாற்றும் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களில் பலருக்குப் பரிச்சயமான சங்கடம். இதைப் பற்றி நம் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளில் வழங்கிவரும் அபிப்பிராயங்களை எடுத்து ஆராய்ந்தால் ஒரு விசேஷம் புலப்படும்: அவற்றுள் பெரும்பாலானவை ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தவை. அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் பழைய மாருதி 800-உம் கார்புரேட்டரைக் கொண்டு ஓடிய நாட்களில் அனுபவசாலிகள் தங்கள் கையாலும் காதாலும் கற்றறிந்த பாடங்கள் அவை. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகத் தொடங்கியபின், கார்புரேட்டர் மறைந்து, அளந்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் அவற்றை ஆளும் இ.சி.யூ. என்னும் மின்னணுப் பெட்டியும் நம் கார்களில் குடியேறிவிட்டன. பழைய வைத்தியத்தைப் புதிய யந்திரத்துக்குச் செய்வதனால் விளையும் பணச்செலவும் மனச்சோர்வும் கொஞ்சமல்ல.

“ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டால் போதும்” என்பது இவற்றுள் மிகவும் பரவிய நம்பிக்கை. கார்புரேட்டரில் அதற்கென்றே ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பி ஐட்லிங்கைச் சரிசெய்வது நியாயமான வேலை. இன்றைய கார்களில் காற்றுக் கதவைத் தாங்கும் த்ராட்டில் பாடியிலும் ஒரு சிறு திருகு உண்டு என்பதைக் கண்டு அதையும் இதையும் ஒன்றென மயங்குகிறார்கள். இந்தத் திருகு, காற்றுக் கதவு எவ்வளவு தூரம் மூடலாம் என்பதைத் தொழிற்சாலையிலேயே நிர்ணயித்து வைத்த எல்லை. பல கார்களில் அதன் தலையில் வர்ண முத்திரையும் இட்டிருப்பார்கள். சூடான இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்று வரையில் சுற்றவேண்டும் என்ற இலக்கை வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய காற்றைத் தனி வால்வு ஒன்றின் வழியாகவோ, காற்றுக் கதவையே மோட்டாரால் இம்மியளவு திறந்தோ, இ.சி.யூ. தானே ஓயாமல் சரிசெய்துகொண்டிருக்கிறது. திருகைத் திருப்பி அதிகக் காற்றை உள்ளே விட்டால், இ.சி.யூ. தன் வால்வை அந்த அளவுக்கு மூடும். முழுதும் மூடியபிறகும் காற்று மிஞ்சினால் கட்டுப்பாட்டை இழந்துவிடும். ஓட்டுகிறவர் காலை எடுத்துவிட்டாரா இல்லையா என்பதைச் சொல்லும் சென்ஸரின் கணக்கும் இதனால் பிறழுகிறது. பழைய நோய் மறைந்துகொள்ள, புதியதொரு நோய் வந்து சேர்கிறது.

இனி, “பெட்ரோல் சரியில்லை” என்னும் தீர்ப்பு. கலப்படப் பெட்ரோலும் தண்ணீர் கலந்த பெட்ரோலும் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் பெட்ரோலில் குற்றம் இருந்தால், ஏற்றத்திலும் வேகத்திலும், அதாவது இன்ஜின் அதிகமாக உழைக்கும் இடத்திலும், அது சாதாரணமாகத் தலைகாட்டும். ஓட்டத்தில் நன்றாயிருந்து நிற்கையில் மட்டும் தடுமாறுகிற இன்ஜினைப் பார்க்கும்போது முதலில் சந்தேகிக்கவேண்டியது பெட்ரோலை அல்ல, காற்றை. இந்த ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் ஐட்லிங் கோளாறுகளில் பெரும்பகுதிக்கு இதுவே திறவுகோல்.

நிற்கும் காரில் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்களோ இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இன்டேக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம், வெளியே உள்ள காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தாழ்ந்துவிடுகிறது. அச்சமயத்தில் ஒரு சிறிய கார் இன்ஜின் உட்கொள்ளும் காற்று வினாடிக்கு இரண்டு மூன்று கிராம்தான். இவ்வளவு சொற்பமான கணக்கில், வெடித்த ரப்பர் ஹோஸ் ஒன்றின் வழியாகவோ, இறுகிப்போன கேஸ்கெட்டின் ஓரமாகவோ, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக் குழாய்க்குத் திருப்பும் பி.சி.வி. வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் அதன் வழியாகவோ அனுமதியின்றி நுழையும் காற்று பெரியதொரு பங்காகிவிடுகிறது. வேகமாகப் போகும்போது அதே ஓட்டை அதே இடத்தில் இருந்தும், இன்ஜின் அள்ளிக் குடிக்கும் காற்றின் பெருக்கத்தில் அது கணக்கிலேயே வருவதில்லை. “ஓடும்போது ஒன்றுமில்லை, நின்றால்தான் நடுங்குகிறது” என்று உரிமையாளர் அலுத்துக்கொண்டு சொல்லும் அந்த வாக்கியத்திலேயே பாதி ரோக நிர்ணயம் அடங்கியிருக்கிறது.

அந்த அனுமதியற்ற காற்று எல்லாக் கார்களிலும் ஒரே விதமாகக் குணம் காட்டுவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். உள்ளே வரும் காற்றை வாசலிலேயே அளக்கும் சென்ஸர் உள்ள கார்களில், வாசலைத் தாண்டி நுழைந்த காற்று கணக்கில் சேராததனால் கலவையில் பெட்ரோல் குறைந்து, இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது. குழாய்க்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் மேப் சென்ஸர் உள்ள கார்களிலோ, அந்தக் காற்றும் அழுத்தமாகக் கணக்கில் வந்து, அதற்குரிய பெட்ரோலையும் பெற்றுக்கொள்வதனால் ஐட்லிங் உயர்ந்துவிடுகிறது. உயர்ந்து ஓர் எல்லையைத் தொட்டதும், கதவு மூடியிருக்கையில் இத்தனை சுற்று கூடாதென்று இ.சி.யூ. பெட்ரோலை நிறுத்துகிறது; சுற்று விழுகிறது; விழுந்ததும் மறுபடி பெட்ரோலைத் திறக்கிறது; சுற்று எழுகிறது. தாளம் தவறாமல் முள் ஏறி இறங்கும் அந்த விசித்திர ஆட்டத்துக்கு இதுவே பெரும்பாலும் காரணம். இதை அறியாமல் இ.சி.யூ.வையே மாற்றச் சொல்வதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை.

ஓட்டையைத் தேடுவதற்குப் பெட்ரோலையோ, எளிதில் தீப்பற்றும் கிளீனர் ஸ்ப்ரேயையோ இன்ஜின்மேல் அடித்துப் பார்ப்பது இன்றும் சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. சூடேறிய எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் இதைச் செய்வது தீயை வரவழைக்கும் காரியம். வாசகர்கள் இதற்கு ஒருபோதும் இடம் கொடுக்கவேண்டாம். புகையைச் செலுத்திப் பார்க்கும் உபகரணம் எத்தனையோ ஷெட்டுகளுக்கு வந்துவிட்டது. அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு ஹோஸாக மெல்ல நெரித்து, எதை நெரிக்கையில் இன்ஜின் ஓசை மாறுகிறது என்று கேட்பதே போதுமானது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் மறக்கலாகாது. பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி இருக்கையில் டாஷ்போர்டுக்குக் கீழே சீறும் ஓசை கேட்டு, ஐட்லிங்கும் குலைந்துபோனால், அது ஐட்லிங் பழுது மாத்திரமல்ல, உயிரைக் காக்கும் பிரேக்கின் பழுது. வேக்கம் கேஜ் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல் மட்டத்தில் ஆரோக்கியமான இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும், அதே இன்ஜின் உதகமண்டலத்தில் ஏறத்தாழ 7 அங்குலம் குறைத்துக் காட்டுவது மலையின் உயரத்தால்தானே தவிர, பழுதினால் அல்ல.

“கிளட்சை அமுக்கினால் ஆஃப் ஆகிறது, ஆகையால் கிளட்ச்தான் காரணம்” என்பது மானுவல் கியர் காருக்கே உரிய பிரமை. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர்கள் பெட்ரோலையே நிறுத்திவிடுகின்றன. அப்போது காரின் சக்கரங்கள்தாம் இன்ஜினைச் சுற்றுகின்றன. கிளட்சை அமுக்கிய கணத்தில் அந்தத் துணை அறுந்துபோக, சடசடவென்று இறங்கும் சுற்றை இ.சி.யூ. தக்க சமயத்தில் பெட்ரோலும் காற்றும் கொடுத்துப் பிடித்து நிறுத்தவேண்டும். காற்றுக் கதவின் விளிம்பில் கரி படிந்திருந்தால், இ.சி.யூ. எதிர்பார்த்த காற்று வந்து சேராமல் பிடி தவறி, இன்ஜின் அணைந்துவிடுகிறது. குற்றம் த்ராட்டில் பாடியில், பழி கிளட்சின்மேல். கிளட்ச் பிளேட் மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் அதே சிக்னலில் அதே கார் அணைந்து நிற்பதை அநேகர் கண்டிருப்பார்கள்.

கிளட்சைச் சோதிக்க எளிய வழி உண்டு. காற்றோட்டமான இடத்தில், ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் வைத்து, பெடலைத் தொடாமல் முள்ளையும் ஓசையையும் கவனித்துவிட்டு, பிறகு பெடலை முழுதும் அமுக்கிக் கவனிக்கவேண்டும். அமுக்கியதும் ஒரு கடகடப்பு நின்றுபோனால் அது கியர்பாக்ஸின் உள்ளே எழும் சப்தம். அமுக்கியதும் ஓர் இரைச்சல் புதிதாகக் கிளம்பினால் ரிலீஸ் பேரிங். இரண்டும் ஐட்லிங்குக்குச் சம்பந்தமற்றவை. அமுக்கும்போதெல்லாம் சுற்று நன்றாகக் குறைந்து, விடும்போது மீண்டால், கிராங்க் ஷாப்டின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கலாம். இது அபூர்வம், ஆனால் உண்டென்றால் தாமதிக்கக்கூடாது. முள் அசையாதிருக்க, காரின் உடல் மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட்டைப் பார்ப்பதே முறை.

பிளக் மாற்றுவது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாவிட்டால் வரும் நடுக்கம் வேறு. மேலே சொன்ன தாளமான ஏற்ற இறக்கம் வேறு. முன்னதில், ஒவ்வொரு இன்ஜெக்டர் இணைப்பாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றியும் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே குற்றவாளி. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள கார்களில் அந்தக் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிவைத்து, மிஸ்ஸிங்கும் கூடவே போகிறதா என்று பார்க்கலாம். பிளக்கும் காயிலும் நன்றாயிருந்தும் அதே சிலிண்டர் சோர்ந்தால் கம்ப்ரெஷன் பார்க்கவேண்டும். எல்.பி.ஜி. அல்லது சி.என்.ஜி.க்கு மாற்றி ஓட்டிய இன்ஜின்களில் வால்வு இருக்கை தேய்ந்து இந்த நிலை வருவது உண்டு. மெதுவாகச் சுற்றுகையில் கசிவுக்கு அவகாசம் அதிகமாதலால், இந்தக் குறையும் ஐட்லிங்கில்தான் முதலில் வெளிப்படும்.

“ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும்” என்பது பழைய நம்பிக்கையன்று. புதிய காலம் பெற்ற மூட நம்பிக்கை. பி0171 என்று ஸ்கேனர் காட்டினால், கலவையில் பெட்ரோல் குறைவு என்ற செய்தியைத்தான் அது சொல்லுகிறது. ஆக்ஸிஜன் சென்ஸரை மாற்று என்று சொல்லவில்லை. செய்தியைக் கொண்டுவந்தவனையே தண்டிப்பதுபோல், நல்ல நிலையில் உள்ள அந்தச் சென்ஸரைக் கழற்றி எறிகிறார்கள். ஸ்கேனரின் மெய்யான பிரயோஜனம் கோட் எண்ணில் இல்லை, கலவையைச் சரிக்கட்ட இ.சி.யூ. பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைக் காட்டும் பியூயல் டிரிம் என்னும் கணக்கில் இருக்கிறது. ஐட்லிங்கில் அது மிகவும் உயர்ந்திருந்து, 2,500 சுற்றில் பிடிக்கும்போது இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. பாரம் ஏற ஏற அதுவும் ஏறினால் பெட்ரோல் பம்பும் பில்டரும். பாட்டரியைக் கழற்றி மாட்டினால் குணமாகும் என்பதும் இதைச் சேர்ந்ததே: பதிந்திருந்த கோட்களும், இ.சி.யூ. கற்றுவைத்த அளவுகளும் அழிந்து, சாட்சியம் போனபின் விசாரணை நடக்கிறது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு சில கார்களில் அந்த அளவுகளை மறுபடி கற்பிக்கவேண்டியிருக்கும். அது முறையாகச் செய்யவேண்டிய வேலை.

காலையில் குளிர்ந்த இன்ஜின் 1,200 சுற்றுக்கு மேலே சுற்றிச் சில நிமிஷங்களில் தணிவதும், ஏ.சி. போட்டதும் சற்று உயர்வதும் பழுதல்ல, வடிவமைத்தவர்களின் ஏற்பாடு. சூடேறிய பின்னும் தணியாவிட்டால்தான் கவலைப்படவேண்டும்.

ஷெட்டுக்குப் போகுமுன் நான்கு விஷயங்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: தடுமாற்றம் குளிர்ந்தபோதா சூடேறியபோதா, ஏ.சி. போட்டால் கூடுகிறதா, கிளட்சை அமுக்கினால் மாறுகிறதா, பிரேக்கை மிதித்தால் மாறுகிறதா. ஒரு பாகத்தை மாற்றவேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், எந்தச் சோதனையினால் அந்த முடிவுக்கு வந்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் அந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். பதில் கிடைக்கும் வரையில் எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்கவேண்டாம்.