மண்ணா, தண்ணீரா?

மண்ணே இல்லாமல் தக்காளி காய்க்குமா? காய்க்கும். வேர் மண்ணைத் தின்பதில்லை. மண்ணின் ஈரத்தில் கரைந்துள்ள தாது உப்புகளையே உறிஞ்சுகிறது. அந்த உப்புகளைத் தண்ணீரில் கரைத்து நேராகக் கொடுத்தாலும் செடி வளரும். ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற விஞ்ஞானிகள் 1860ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைச் செய்து காட்டினார்கள்.

ஆனால் மண்ணைவிடத் தண்ணீரில் விளைச்சல் அதிகமா? இங்கேதான் தகராறு.

அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக் என்பவர் 1930-களில் தொட்டிக் கரைசலில் 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடிகளை வளர்த்தார். ஏணி வைத்துத்தான் பழம் பறிக்க முடியும்! 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயரை 1937-இல் அறிமுகப்படுத்தியவரும் அவரே. இனி வயலே வேண்டாம் என்றுகூடச் சிலர் பேசத் தொடங்கினார்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லாண்ட், ஆர்னான் இருவரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள்? ஒரு பக்கம் கண்ணும் கருத்துமாகப் பேணிய தொட்டிச் செடி. மறுபக்கம் சாதாரண வயல்களின் சராசரி. இது நியாயமா? எனவே ஒரே கண்ணாடி வீட்டில் வளமான மண், மணல், கரைசல் மூன்றிலும் தக்காளி வளர்த்தார்கள். இடைவெளி ஒன்றே, வெளிச்சம் ஒன்றே, கவனிப்பும் ஒன்றே. விளைச்சலில் பெரிய வேறுபாடு இல்லை! இதை 1938-இல் வெளியிட்டார்கள்.

ஏன் அப்படி? காயின் மாவுப்பொருளும் சர்க்கரையும் இலையில்தான் உருவாகின்றன. அதற்கு வெயிலும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் வேண்டும். வேருக்கு உப்பும் நீரும் குறைவின்றிக் கிடைத்துவிட்டால், அதற்குமேல் விளைச்சலை நிர்ணயிப்பவை இவைதாம்.

அப்படியானால் கரைசல் முறையால் பயனே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விளையும் லெட்யூஸ் கீரையைப் பற்றி 2015-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு கிலோ கீரைக்கு வயலில் சுமார் 250 லிட்டர் நீர். கரைசல் முறையில் 20 லிட்டர்தான். ஒரு சதுர மீட்டரில் கிடைக்கும் கீரையும் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் மின்சாரம் முதலிய ஆற்றல் செலவோ 80 மடங்குக்கும் மேல்! இங்கும் கவனியுங்கள்: ஒன்று ஆண்டு முழுவதும் குளிரூட்டியும் சூடேற்றியும் காக்கப்பட்ட கூடாரம், மற்றது திறந்த வெளி. அந்தப் பத்து மடங்கு முழுவதையும் தண்ணீரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பள்ளியில் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முறைக்கு ஐந்து செடியாவது வேண்டும். ஒன்றே ஒன்றை நம்பாதீர்கள். விதை, விதைக்கும் நாள், வெயில் எல்லாம் சமமாக இருக்கட்டும். மண்ணுக்கும் நல்ல எரு இடுங்கள். கரைசல் பாட்டிலுக்குக் கறுப்புத் தாள் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி படரும். வேர் முழுவதும் மூழ்கினால் காற்றில்லாமல் அழுகிவிடும். மேல்பகுதி கொஞ்சம் வெளியே இருக்கட்டும். கடைசியில் செடிகளை நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். பச்சைச் செடியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தானே!