சக்கர நாற்காலியோடு விமானத்தில் ஊர் திரும்பும்போது

தமிழ்நாட்டு முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பப் பதிவுசெய்திருக்கிறீர்களா? உங்கள் குடும்பத்தில் சக்கர நாற்காலி பாவிக்கும் ஒருவர் இருக்கிறாரா? செல்லடியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட அண்ணாவாக இருக்கலாம், பாரிசவாதம் வந்த அம்மாவாக இருக்கலாம். அவரையும் பக்கத்தில் இருத்தி இந்தப் பாடத்தைச் சேர்ந்து வாசியுங்கள்.

பயணத்தில் ஒரு பெட்டி உடைந்தால் வேறு பெட்டி வாங்கலாம். நாற்காலி உடைந்தால் அதில் இருப்பவரின் நடமாட்டமே நின்றுவிடும். கட்டுநாயக்காவிலிருந்து முல்லைத்தீவு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வீடு வந்த பிறகும் மாற்று நாற்காலி உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதுவரை கட்டிலிலேயே கிடந்தால் படுக்கைப்புண் வரும். இதைத் தவிர்க்க நீங்கள் செய்ய வேண்டியது, முன்கூட்டியே சொல்வதும் சரியாகச் சொல்வதும்தான்.

1. எப்போது சொல்ல வேண்டும்?

ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் (யு.என்.எச்.சி.ஆர்.) உதவியோடு திரும்புவதாயின், படிவம் நிரப்பும் நாளிலேயே நாற்காலியைப் பற்றிச் சொல்லுங்கள். முகாமில் உங்களுக்கு உதவும் ஓஃபர் தொண்டர்களிடமும் சொல்லுங்கள். பயணச்சீட்டு போடும்போதே இது விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குறைந்தது 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் அறிவிக்கும்படி பல நிறுவனங்கள் கேட்கின்றன. நாற்காலியின் நீளம், அகலம், உயரம், நிறை ஆகியவற்றை அளந்து எழுதிக் கொடுங்கள்.

எந்த விமான நிலையத்தில் இறங்குவீர்கள் என்பதையும் கேட்டறியுங்கள். பலாலியில் உள்ள யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அங்கிருந்து முல்லைத்தீவு கிட்ட. ஆனால் சென்னையிலிருந்து அங்கு வரும் ஏ.ரி.ஆர். விமானம் சிறியது. பெரிய மின் நாற்காலி அதன் சாமான் கதவால் உள்ளே போகுமா என்று முதலில் கேளுங்கள். படியில் ஏற்றுவதற்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

2. என்ன சொல்ல வேண்டும்?

“வீல்செயார் வேணும்” என்று மட்டும் சொன்னால் போதாது. விமான நிறுவனங்கள் உதவியை மூன்று வகையாகப் பதிவுசெய்கின்றன:

டபிள்யூ.சி.எச்.ஆர். – படி ஏறுவார், ஆனால் நெடுந்தூரம் நடக்க மாட்டார்.
டபிள்யூ.சி.எச்.எஸ். – படி ஏற மாட்டார், ஆனால் விமானத்துக்குள் தன் இருக்கைவரை நடப்பார்.
டபிள்யூ.சி.எச்.சி. – நடக்கவே முடியாது, இருக்கைவரை கொண்டுபோய் இருத்த வேண்டும்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாதவருக்கு மூன்றாவது வகையே வேண்டும். முதல் வகை என்று தவறாகப் பதிந்தால், விமானப் படியடியில் தூக்கி ஏற்ற ஆள் இல்லாமல் நிற்க நேரும். பயணச்சீட்டில் எது பதியப்பட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. மின் நாற்காலியாக இருந்தால்

பற்றரி எந்த வகை என்று பாருங்கள். ஜெல், உலர் வகைகள் கசியாதவை. அவற்றைப் பெரும்பாலும் நாற்காலியிலேயே பொருத்தியபடி கொண்டுபோகலாம். அமிலம் ஊற்றும் பற்றரிக்கு விசேட ஏற்பாடு தேவை. லிதியம் பற்றரியைக் கழற்றிக் கொண்டுபோவதாயின், அது உங்களோடு விமானத்துக்குள் வர வேண்டும். சாமான் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. அதன் அளவு 300 வாற்-மணிக்கு மேற்படக் கூடாது. வோல்ற்றையும் அம்பியர்-மணியையும் பெருக்கினால் இந்த அளவு வரும். உதாரணமாக, 24 வோல்ற், 12 அம்பியர்-மணி என்றால் 288 வாற்-மணி. இதைக் கொண்டுபோகலாம். எந்த வகையானாலும் விமான நிறுவனத்தின் அனுமதியை முன்னரே பெறுங்கள். பற்றரியில் ஒட்டியிருக்கும் விபரத்தைப் படம் பிடித்து வைத்திருங்கள்.

4. பயண நாளில்

நாற்காலியை நான்கு பக்கமும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டையைச் சட்டத்தில் கட்டுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் நாற்காலிக்குத் தனிக் கட்டணம் எடுப்பதில்லை. அது உங்கள் சாமான் நிறையில் சேராது என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

விமான வாசல்வரை சொந்த நாற்காலியிலேயே வரலாமா என்றும், இறங்கும்போது வாசலிலேயே திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள். கழன்று விழக்கூடிய கால்மிதி, பக்கச்சட்டம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு உள்ளே கொண்டுபோகக் கேளுங்கள். ஸ்பானர் போன்ற கருவிகளைச் சாமான் பெட்டியில் வையுங்கள். மெத்தையைக் கையோடு எடுத்துச்சென்று விமான இருக்கையில் போட்டு அதன்மேல் இருத்துங்கள். மருந்துகளும் வைத்தியர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும்.

இருக்கைவரை ஓர் ஒடுங்கிய நாற்காலியில் கொண்டுபோவார்கள். எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் நோகும் என்பதை அவரே சொல்லட்டும். அவரிடம் கேட்காமல் யாரும் தூக்க விட வேண்டாம்.

விமானப் பயணம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்தாலும், முகாமிலிருந்து வீடுவரை ஒரு முழு நாளுக்கு மேல் ஆகலாம். உடலில் உணர்ச்சி இல்லாதவர் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடலை உயர்த்தி அல்லது சரித்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சிறுநீர்ப் பையை ஏறுமுன் வெறுமையாக்குங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம்.

5. இறங்கியவுடன்

விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் நாற்காலியின் சில்லு, பிறேக், சட்டம் எல்லாவற்றையும் பாருங்கள். சேதம் இருந்தால் அங்கேயே முறைப்பாட்டுப் படிவம் நிரப்பிப் பிரதி வாங்குங்கள். பயணக் களைப்பில் “பிறகு பார்ப்பம்” என்று வெளியே வந்துவிட்டால், சேதம் விமானத்தில்தான் ஏற்பட்டது என்று காட்டுவது கடினம். சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி, சாமான் சேதத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

ஊருக்குப் போகும் வாகனத்தையும் முன்னரே ஒழுங்குசெய்யுங்கள். பஸ்ஸின் உயரமான படியில் ஏற்றுவதைவிட, நாற்காலியை மடித்து வைக்கக்கூடிய வான் நல்லது.

6. ஊரில்

கிராம அலுவலரிடம் பதியும்போதே, பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என எந்தப் பிரிவானாலும் இது பொருந்தும். மாற்றுத்திறனாளியாகப் பதிந்து, கிடைக்கக்கூடிய உதவிகளைக் கேட்டறியுங்கள். இந்தியாவில் பெற்ற மருத்துவ அறிக்கைகளை எறிந்துவிடாதீர்கள். இங்குள்ள வைத்தியசாலையில் அவை தேவைப்படும்.

புறப்படுமுன் சரிபாருங்கள்:
• உதவி வகை பயணச்சீட்டில் சரியாக இருக்கிறதா?
• நாற்காலியின் அளவும் பற்றரி விபரமும் கொடுத்தாயிற்றா?
• படங்கள் எடுத்தாயிற்றா? பெயரட்டை கட்டியாயிற்றா?
• மெத்தை, மருந்து, வைத்தியர் கடிதம் கையில் இருக்கின்றனவா?
• இறங்கும் இடத்தில் வாகனம் நிற்குமா?

ஐந்துக்கும் “ஓம்” என்றால் புறப்படுங்கள். ஒன்றுக்காவது “இல்லை” என்றால், இன்றைக்கே உங்கள் முகாம் தொண்டரிடம் கதையுங்கள்.