பழைய கடதாசியும் முதல்தான்

மும்பாயின் விக்ரோளிப் பகுதியில் கோத்ரேஜ் நிறுவனத்தார் 2006இல் ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். பூட்டும் இரும்புப் பெட்டகமும் செய்து பெயரெடுத்த குடும்பம் தன் பழைய கடதாசிகளையும் பூட்டி வைத்திருப்பது பொருத்தமே.

இதன் ஸ்தாபகர் அர்தேஷிர் கோத்ரேஜ் (1868 - 1936) சட்டம் படித்தவர். அத்தொழில் பிடிக்காமல், மெர்வான்ஜி காமா என்பவரிடம் 3,000 ரூபா கடன் வாங்கி, சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்தார். இந்தியத் தயாரிப்பு என்று பொறிக்க வாங்குபவர் சம்மதிக்கவில்லை, இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தொழில் படுத்தது. மீண்டும் காமாவின் உதவியுடன் 1897இல் பூட்டுத் தொழிலை ஆரம்பித்தார். தாமே ஆராய்ந்து புதுப்புதுப் பூட்டுகள் செய்து காப்புரிமையும் பெற்றார். கடனைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது காமா வாங்க மறுத்து, தம் உறவினரான போய்ஸ் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்க்கச் சொன்னாராம். போய்ஸ் சில காலத்தில் விலகிவிட்டார். 'கோத்ரேஜ் அண்ட் போய்ஸ்' என்ற பெயர் மட்டும் விலகவில்லை!

காப்பகத்தில் கடிதங்கள், புகைப்படங்கள், பழைய விளம்பரங்கள், முதிய தொழிலாளர்களின் வாய்மொழிப் பதிவுகள் எல்லாம் உண்டு. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு (1951-52) லட்சக்கணக்கில் வாக்குப்பெட்டி செய்து கொடுத்த கதையும் அங்கே காக்கப்படுகிறது. 127 வருடங்களின் பின், 2024இல் அக்குடும்பம் தொழிலைப் பேசிப் பிரித்துக்கொண்டது. பெரிய சொத்துப் பிரிக்கும்போது எது யாருடையது என்று காட்ட எழுத்து வேண்டும்.

நம் கடைகளில் நிலைமை என்ன? வாப்பா மௌத்தானதும் கணக்குக் கொப்பிகள் பழைய கடதாசிக்காரனிடம் நிறுவைக்குப் போகின்றன. மிச்சம் கறையானுக்கு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையோடு கொப்பிகளும் போயின. காணி உறுதி தொலைந்தால் பதிவகத்தில் பெரும்பாலும் பிரதி எடுக்கலாம். ஆனால் யார் எவ்வளவு கடன், கூட்டாளி போட்ட முதல் எவ்வளவு, கடை வாடகைக்கு முற்பணம் கட்டினோமா என்பதற்குப் பதிவகம் ஏது?

சண்டிலிப்பாய்ச் சிறுகடைக்குக் காப்பகம் தேவையில்லை. ஒரு தகரப் பெட்டியும் வருடம் எழுதிய உறைகளும் போதும். கூட்டு ஒப்பந்தம், வாடகைச் சீட்டு, கடன் கொப்பி, பெரிய கொள்முதல் பற்றுச்சீட்டு ஆகியவற்றை முதலில் எடுங்கள். இயந்திரம் சூட்டில் அச்சிடும் வழுவழுப்பான பற்றுச்சீட்டு சில வருடத்தில் வெளிறிவிடும். உடனே போட்டோ பிரதி எடுத்துவிடுங்கள். முக்கியமானவற்றின் பிரதியொன்றை வேறு ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள்.