வலி நெற்றியில், வேலை பிடரியில்

ஒற்றைப் பக்கம் தலை வலித்தாலே மைக்ரேன் என்று நீயாக முடிவு கட்டிவிடாதே, தங்கச்சி. வலி பின்மண்டையில் கிளம்பி, காதுக்கு மேலே ஏறி, கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காருகிறதா? ரொம்ப நேரம் லேப்டாப் முன்னால் குனிந்திருந்தாலோ கழுத்தைத் திருப்பினாலோ கூடுகிறதா? எப்போதும் அதே பக்கம்தானா? அப்படியென்றால் கழுத்தைச் சந்தேகப்படு. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்திலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. அதனால் பிடரி வலி நெற்றி வலியாகத் தெரியும். நெற்றியில் தைலத்தை அப்பி என்ன பிரயோஜனம்?

டாக்டரிடம் காட்டி, கழுத்துதான் என்று உறுதியானதும் ஆரம்பி. முதலில் பிடரிக்கு வெந்நீர் ஒத்தடம். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நேராகப் பார்த்தபடி முகவாயை மட்டும் பின்னால் இழு. நிறையப் பேர் இதில் தலையைக் குனிந்துவிடுகிறார்கள். பார்வை தரைக்குப் போனால் தப்பு. கண்ணாடியில் இரட்டைத் தாடை விழுந்து அசிங்கமாகத் தெரிந்தால் சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம். மண்டையும் கழுத்தும் சேரும் குழியில் மெல்ல இழுபடும். 5 விநாடி நிறுத்து, 10 முறை செய்.

அடுத்து, வலது கையால் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை இடப்பக்கம் சாய். காதுதான் தோளை நோக்கிப் போக வேண்டும், தோள் மேலே ஏறக் கூடாது. 20, 30 விநாடி அப்படியே இரு. அதே இருப்பில் மூக்கை இடது அக்குள் பக்கம் திருப்பிக் குனிந்தால், இழுப்பு வலது தோள்பட்டையின் உள்முனைக்கு இறங்கும். மறுபக்கமும் இதேபோல. மூச்சை அடக்காதே. இழுபடலாம், வலிக்கக் கூடாது. செய்த பிறகு தலைவலி கூடினால் மறுநாள் பாதியாகக் குறைத்துக்கொள்.

நீட்டி இழுப்பது மட்டும் போதாது, தசைக்குத் தெம்பும் வேண்டும். ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் க்வென் ஜல் குழுவினர் இந்தத் தலைவலி உள்ள 200 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. கழுத்துக்கும் தோள்பட்டைக்கும் ஆறு வாரம் கொடுத்த மென்மையான பயிற்சியின் பலன் ஒரு வருஷம் கழித்தும் நீடித்தது. அந்த வகைப் பயிற்சி ஒன்று: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் மெதுவாக 'ஆமாம்' என்று ஆட்டி, 10 விநாடி நிறுத்துவது. தொண்டைப் பக்கத் தசை புடைத்தால் அதிகமாக அழுத்துகிறாய்.

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சடக்கென்று நெட்டி எடுப்பார்களே, அதற்கு உன் வீட்டுக்காரர் தலையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரைக்கும் போன சம்பவங்கள் உண்டு.

திடீரென்று இடி விழுந்தாற்போல் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை மரத்துப்போவது, கீழே விழுந்த பின் வந்த வலி... இதில் எது இருந்தாலும் பயிற்சி கியிற்சி என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வலி மாத்திரையிலும் கவனம்: மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் போட்டுக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும்.

ராத்திரி குப்புறப் படுக்காதே. ரெண்டு தலையணையில் ஒன்றை எடுத்துப் பரண்மேல் போடு.