துணியின் தரத்தை அளந்தறியும் முறை

துணியின் நயத்தைக் கையால் தடவிப் பார்த்தே கூறிவிடலாம் என்பது பலருடைய எண்ணம். விறைப்பான துணி அழுத்தமானதென்று வாங்கப்படுகிறது. முதற் சலவையில் கஞ்சி கரைந்ததும் அது சல்லடையாகி விடுகிறது. நஷ்டம் வாங்கியவருக்கு மட்டுமன்று. 1935-ம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்று, இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் சங்கத்தின் கடைகளைப் போன்ற இடங்களில், வாங்குவோர் நெய்தவரை அறியார். சங்கத்தின் பெயரையே அறிவர். ஒரு தறியில் நேர்ந்த குறை அங்கத்தினர் அனைவருடைய சரக்கையும் பாதிக்கும். ஆகவே தரத்தை அளந்தறிதல் அவசியமாகும்.

1. நூலின் நம்பர்: 840 கஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடையில் எத்தனை சிட்டங்கள் அடங்குமோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 40-ம் நம்பர் நூலில் ஒரு சிட்டம் 11 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும்.

2. இழைகளின் நெருக்கம்: கரையை விட்டு, ஐந்து இடங்களில், ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் பாவிழைகளையும் ஊடையிழைகளையும் பூதக்கண்ணாடியால் தனித்தனியே எண்ணிச் சராசரி காண வேண்டும். பாவின் நெருக்கத்தைப் பெரும்பாலும் அச்சு நிர்ணயிக்கிறது. ஊடையின் நெருக்கமோ நெய்பவர் கையைப் பொறுத்தது. எனவே குறைவு நேர்வது பெரும்பாலும் ஊடையிலேயாம். அங்குலத்துக்கு 56 ஊடை விழவேண்டிய இடத்தில் 48 விழுமாயின், 36 அங்குல அகலமுள்ள துணியில் கஜம் ஒன்றுக்கு 288 கஜ நூல் குறைந்துவிடும்.

3. கஞ்சியின் அளவு: துணித் துண்டின் ஓரம் பிரியாதபடி தைத்து, உலர்த்தி நிறுக்க வேண்டும். பின்னர் வெந்நீரில் ஊறவைத்து, சோப்பிட்டு அலசி, உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 60 கிராம் துண்டு 51 கிராமாகுமாயின், நூற்றுக்கு 15 பங்கு கஞ்சியேயாம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்குமாதலால், இருமுறையும் ஒரே விதமாக உலர்த்துதல் முக்கியம்.

4. சாயம்: நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால், ஒட்டாத சாயம் அதில் படியும்.

குறை கண்டவுடன் நெய்தவர் கூலியைப் பிடித்தல் தகாது. சங்கம் அளித்த நூலே நம்பர் மாறியிருக்கலாம். ஆதலின் நூல் வழங்கும்போதே அங்கத்தினர் எதிரில் ஒரு சிட்டத்தை நிறுத்துக் காட்டுதல் வேண்டும். துணி வாங்கும்போதும் அவர் எதிரிலேயே இழையெண்ணிப் புத்தகத்தில் பதிந்து, அவர் கையொப்பம் பெறுதல் வேண்டும்.