தொட்டிக்கட்டு வீட்டில் எந்த வேலை முதலில்?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாருடைய அப்பா கட்டிய தொட்டிக்கட்டு வீடு இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். முன்கட்டில் சீமை ஓடு, பின்கட்டில் நாட்டு ஓடு. அம்மா அங்கேதான் இருக்கிறார். நாங்கள் வாரக் கடைசியில் போய் வருகிறோம். சீக்கிரம் அங்கேயே குடியேறும் எண்ணம். பத்து வருஷத்துக்கு முன் ஆசாரத்துச் சுவரைச் சிமென்டில் பூசினோம். இப்போது இடுப்பளவுக்கு உப்பு பூத்துப் பெயர்ந்து விழுகிறது. கூரையில் இரண்டு கைமரம் இற்றுப்போயிருக்கிறது. மேஸ்திரி, "ஓடெல்லாம் இறக்கிப்போட்டு கான்கிரீட் போட்டுக்கலாம், கீழே டைல்ஸ், தொட்டிக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட்" என்கிறார். அம்மா எதையும் தொடக் கூடாது என்கிறார். வசதியும் வேண்டும், வீடு அழகாகவும் இருக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— வாசகி, கோவை

பதில்: கான்கிரீட் வேண்டாம். மற்ற எதையும் பின்னால் திருத்திக்கொள்ளலாம், இதை முடியாது என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ எடை. சீமை ஓட்டுக் கூரை சட்டம், ரீப்பரோடு சேர்த்துப் பார்த்தாலும் பத்துக் கிலோவைத் தாண்டாது. மண் சாந்துச் சுவர் நூறு வருஷம் தாங்கி நின்றது அந்த லேசான கூரைக்காகக் கட்டியதால்தான். அதன் தலையில் மூன்று மடங்கு பாரத்தை ஏற்றினால் முதலில் விரிசல், பிறகு பிதுக்கம். பல ஊர்களில் இப்படிப் போட்ட தளத்தைத் தாங்கக் கடைசியில் சுவர் ஓரமாகத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். அப்போது பழைய வீட்டுக்குள் ஒரு புது வீடு நிற்கும், பழையது இருக்காது.

இப்போது அந்த ஆசாரத்துச் சுவர். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அந்தக் காலத்து அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படை போடும் வழக்கம் இல்லை. தரையின் ஈரம் செங்கல் வழியாகவும் மண் சாந்து வழியாகவும் கொஞ்சம் மேலே ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே காற்றில் போய்விடும். அப்படித்தான் அந்தச் சுவர் இத்தனை காலம் உலர்ந்து நின்றது. நீங்கள் பூசிய சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரே ஏறி, மண்ணில் இருந்து கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்குப் பின்னால் விட்டுவிட்டு உலர்கிறது. உப்பு படிகமாகப் பருத்து பூச்சைத் தள்ளுகிறது. ஓதம் வரும் சுவர் என்று மறுபடி சிமென்டும் அதன் மேல் ஈரத்தடுப்பு பெயின்டும் அடித்தால் இடுப்பளவு ஓதம் நெஞ்சளவுக்குப் போகும்.

ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். சுரண்டினால் வெள்ளையாக மாவு உதிர்ந்தால் பழைய காரை. சாம்பல் நிறத்தில் கோடு மட்டும் விழுந்தால் சிமென்ட். எங்கெங்கே சிமென்ட் இருக்கிறது என்று சுவரிலேயே கரிக்கட்டியால் குறித்துவிடுங்கள். பெரும்பாலும் ஓதமும் அந்த இடங்களில்தான் இருக்கும்.

பிறகு வீட்டுக்கு வெளியே போய் அந்தச் சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். நூறு வருஷத்தில் வாசலில் மண் ஏறியிருக்கும், களத்துக்குச் சிமென்ட் போட்டிருப்பீர்கள், தண்ணீர்க் குழாய் ஒன்று சுவரோரம் சொட்டிக்கொண்டிருக்கும். வெளித்தரை உள்தரை மட்டத்துக்கு வந்துவிட்டால் எந்தப் பூச்சும் நிற்காது. மண்ணை வெட்டி இறக்கி, சுவரிலிருந்து விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். செலவு குறைவான வேலை இது. பாதி ஓதத்தை இதுவே நிறுத்திவிடும். தொட்டிக்குள் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிச் சலதாரை வழியாக வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அது மண்ணடைந்து, மழைத் தண்ணீர் முழுவதும் நடுவீட்டு அடித்தளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

சிமென்ட் பூச்சை ஈரக்கோட்டுக்கு ஒரு முழம் மேல் வரை கொத்தி எடுங்கள். தை, மாசியில் எடுத்தால் கோடை முழுவதும் சுவர் திறந்து காயும். வெளியே வரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே ஒரு சாக்கு விரித்து அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேய்க்காற்றாக அடிக்கும். அந்தக் காற்றில் வெளிப்பூச்சு பூசினால் அது இறுகுவதற்குள் உலர்ந்து வெடிக்கும். காற்று தணிந்து, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் பூசுங்கள்.

பூச்சுக்கு மூட்டையில் விற்கும் வெள்ளையடிக்கிற தூள் ஆகாது. சூளையிலிருந்து வந்த கல் சுண்ணாம்பு அல்லது கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில் நீற்ற வேண்டும். தண்ணீரை முதலில் நிரப்பிக்கொண்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். நீறியதைச் சலித்து, தண்ணீருக்கு அடியில் சில வாரமாவது ஊற விட்டால் வெண்ணெய் போல் ஆகும். ஒரு பங்கு அதற்கு மூன்று பங்கு மணல். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துப் புளித்த தண்ணீரில் குழைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒரு மூலையில் சிறு பரப்பு பூசி, இரண்டு மூன்று வாரம் பார்த்த பிறகு முழுச் சுவருக்குப் போங்கள். மெல்லிய படைகளாகப் பூசி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பத்து நாளாவது காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாது. நாலைந்து மாதத்தில் முடிக்கிறேன் என்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை பார்த்த கொத்தனாரைத் தேடுங்கள். முடிந்தால் ஒரு முறை சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்கு உங்கள் மேஸ்திரியையும் அழைத்துப் போங்கள். 1996இல் திறந்த இடம்; இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தத் தாழ்வாரத்தில் நின்றால் அவரே புரிந்துகொள்வார்.

காலக் கணக்கில் கூரைதான் முதல் வேலை; சுவர் காயும்போது மேலே ஒழுகக் கூடாது. ஓட்டை இறக்கும்போது ஒவ்வொன்றையும் விரல் மூட்டால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள். செத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அடிப்பக்கம் ஆலையின் பெயர் அச்சில் இருக்கும். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டு ஆலையைப் பார்த்து மேற்குக் கரை நெடுகப் பல ஆலைகள் வந்தன; ஆலைக்கு ஆலை காடியின் அளவு கொஞ்சம் மாறும். பழைய ஓட்டுக்கு நடுவே புது ஓட்டைச் செருகினால் அந்த இடைவெளியில்தான் ஒழுகும். நல்ல பழைய ஓடுகளை எல்லாம் முன்சரிவுக்குச் சேர்த்து, புது ஓட்டைப் பின்சரிவு முழுவதற்கும் போடுங்கள்.

இற்றுப்போன கைமரங்களைத் தூக்கி எறிவதற்கு முன் ஆசாரியை விட்டு உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பனங்கையாக இருந்தால் பெரும்பாலும் சுவரில் உட்காரும் நுனிதான் போயிருக்கும், நடுவில் வைரம் அப்படியே இருக்கும். நுனியை வெட்டி, நல்ல துண்டைச் சாய்வாக ஒட்டுப்போட்டு போல்ட் முடுக்கினால் போதும். கரையான் மண்கோடு தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். அது தரையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று பின்தொடர்ந்து அங்கே மருந்து வைக்க வேண்டும். கழிவு ஆயில் பூசுவதை மட்டும் செய்யாதீர்கள். நாற்றம் போகாது, நெருப்புக்கும் அது உணவு.

தொட்டியை மூடுவது பற்றி: வீட்டின் வெப்பக் காற்று மேலேறி வெளியே போவது அதன் வழியாகத்தான். ஷீட் போட்டு மூடினால் சித்திரையில் ஆசாரத்தில் உட்கார முடியாது, ஏசி போட வேண்டிவரும். திருட்டு பயம் என்றால் கம்பி வலை போதும். சாரல் உள்ளே வருகிறது என்றால் கூரைக்கு மேல் இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் திறந்திருக்கும்படி சின்ன ஓட்டு மூடி வைக்கலாம்.

தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டால் தரை வழியாக வெளியேறும் ஈரமும் சுவருக்குத்தான் திரும்பும். இருக்கும் தரையைச் செப்பனிடுங்கள். காய்ந்த அறைகளில் ஆத்தங்குடிக் கல் பொருந்தும். கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது, சூளை கிடையாது. பளபளப்பு துடைக்கத் துடைக்கத்தான் வரும். கழிப்பறையும் குளியலறையும் பின்புறம் தனிச் சுவரில் கட்டி, நனையாமல் போய்வர ஒரு தாழ்வாரம் இறக்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இரவில் அதுதான் பெரிய வசதியாக இருக்கும். வயரிங்குக்குச் சுவரில் காடி வெட்ட வேண்டாம். மேலாகக் குழாய் ஓட்டுங்கள், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம்.

அழகு கடைசியில். சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, வேண்டிய இடத்தில் அதில் காவி கலந்து அடியுங்கள். எமல்ஷன் அடித்தால் மறுபடி மூச்சை அடைத்ததாகும். தூணிலும் கதவிலும் பழைய எனாமல் பெயின்ட் இருந்தால் உலர வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு நம் நாட்டில் 90 பிபிஎம் என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். ஈரமாக்கிச் சுரண்டி, முகக்கவசத்தோடு வேலை செய்யச் சொல்லுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

பழம்பொருள் கடையில் தூணும் கதவும் வாங்கிவந்து நிறுத்தும் ஆசை வரலாம். அவை இன்னொரு வீட்டை இடித்து வந்தவை. உங்கள் பரணை இறக்கிப் பாருங்கள், வேண்டியது அங்கேயே இருக்கும். எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்பதை அம்மாவே சொல்லட்டும். எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும், எந்தச் சுவர் எப்போது நனைந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும். மேஸ்திரி வரும் நாளில் அவரையும் கூட நடக்கச் சொல்லி, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வேலைப் பட்டியலை அதிலிருந்து போடலாம்.