தோற் புற்றுநோயைக் கணக்கிடும் முறை

மக்களிடையே மிகுந்து காணப்படும் நோயே ஏடுகளில் மிகக் குறைவாக இடம்பெறுவதும் உண்டு. மெலனோமா அல்லாத தோற் புற்றுநோய்கள் அத்தகையவை. மெலனோமா என்பது தோலுக்கு நிறமூட்டும் அணுக்களில் தோன்றுவது. ஏனையவற்றுள் முதன்மையானவை அடியணுப் புற்று, செதிலணுப் புற்று என்னும் இரண்டு. இவற்றால் இறப்போர் சிலரே; பெரும்பாலும் சிறு அறுவையில் குணமாகிவிடும். ஆகவே பல நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகள் இவற்றை எழுதுவதே இல்லை.

வெண்ணிறத் தோலினர் மிகுந்த ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் இந்நிலையே. எனவே அங்கு 2002-ஆம் ஆண்டில் வீடு வீடாக வினவி, சிகிச்சை செய்த மருத்துவரிடம் உறுதிசெய்து மதிப்பிட்டனர். வயது வேறுபாட்டைச் சரிசெய்தபின், ஓராண்டில் இலட்சம் பேருக்கு 1,170 பேர் என விடை கிடைத்தது. அடியணுப் புற்று 884. செதிலணுப் புற்று 387. இவ்விரண்டையும் கூட்டினால் 1,271 வருகின்றதே எனலாம். கணக்கில் பிழையன்று, இரண்டு வகையும் ஒருவருக்கே உண்டாவதுண்டு. எத்தனை நோயாளிகள் என்பதும் எத்தனை கட்டிகள் என்பதும் வெவ்வேறு வினாக்கள். ஆசிரியர்கள் இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதி விளக்குதல் நன்று.

ஆஸ்திரேலியாவில் முதற்காரணம் வெயில். இந்தியரின் தோலிலுள்ள நிறப்பொருள் வெயிலைப் பெரிதும் தடுப்பதால் இங்கு இந்நோய் மிகக் குறைவு. ஆயினும் இல்லையென்று கொள்ளலாகாது, காரணங்கள்தாம் வேறு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் காங்கிரி என்னும் சிறு கணப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வர். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதனுள் கரிநெருப்பு. ஆண்டுதோறும் அச்சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் செதிலணுப் புற்று உண்டாவதை டாக்டர் எல்ம்ஸ்லி 1866-இல் எழுதினார். வெயிலே படாத உறுப்புகள் இவை என்பது கருதத்தக்கது. மேற்கு வங்கத்திலோ, நிலத்தடி நீரிலுள்ள ஆர்சனிக்கால் உண்டாகும் தோல்நோய் 1983-இல் கண்டறியப்பட்டது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, நெடுநாளில் புற்றாக மாறுவதுண்டு.

பழைய தீப்புண் தழும்பில் தோன்றி, விளிம்பு தடித்து, வாரக்கணக்கில் ஆறாத புண்ணைக் களப்பணியாளர் கண்டால், களிம்பிட்டுக் காலங்கடத்தாமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பின்னர்ச் சிறு அறுவை போதாது. குறிப்பேட்டில் வயதும் பாலும் மட்டும் போதா. புண் உடலின் எவ்விடத்தது, அங்கு முன்னர்ச் சூடுபட்டதா, குடிநீர் எந்தக் குழாய்க்கிணற்றினது, திசு உருப்பெருக்கியில் சோதிக்கப்பட்டதா என்பனவற்றையும் எழுதுதல் வேண்டும்.